வியப்பு வாரியமும் ஒரு தேக்கரண்டியும்

நெரேயோ பல்லாரினிடம் இருந்த பெருமை ஒன்றே ஒன்றுதான். அவன் வெனிஸில் பிறந்தவன். அதற்காக அவன் ஒரு துரும்பையும் கிள்ளிப் போட்டதில்லை. வலி முழுக்க அம்மாவுடையது. இருந்தாலும் நாற்பத்தாறு வயதுவரை அந்த ஒன்றை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டான். கட்டடக்கலைப் படிப்பை மூன்றாம் வருஷத்தில் விட்டபோது, "வெனிஸ்காரனுக்கு எதுக்கு அந்தப் படிப்பு? பொறந்ததே அதுக்குள்ளதானே" என்றான். தீவு ஊரைக் கரையோடு இணைக்கும் நீண்ட பாலத்துக்கு இந்தப் பக்கம், மெஸ்த்ரேயில், ஒரு குளிர்பதனக் கிடங்கில் இராக்காவலுக்குச் சேர்ந்தபோது, "தற்காலிகம்தான்" என்றான். அது பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய பேச்சு.

காலை ஏழு மணிக்கு வேலை முடிந்ததும் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் காப்பிக்கடைக்குப் போவான். டோய்னா அங்கேதான் பழக்கமானாள். மால்தோவா நாட்டுக்காரி. தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவருக்குப் பஞ்சு ரொட்டி வாங்க வருவாள். நெரேயோ நின்றபடியே அவளுக்கு ஊரைச் சொல்வான்.

"வெனிஸ்காரன் வழி கேக்க மாட்டான். தெருப்பேரும் படிக்க மாட்டான். பேர்ப்பலகையெல்லாம் வந்து போறவங்களுக்கு. எங்க காலு தானாப் போவும்."

அதோடு கரண்டிக் கதை. ஏழு வயதில், வீட்டு வாசலுக்குப் பக்கத்துச் சுவரில், முழங்கால் உயரத்தில், செங்கல் இடுக்கில் ஒரு தேக்கரண்டியைச் செருகிவிட்டான். அது வரவில்லை. அப்பா இழுத்தார். அம்மா இழுத்தாள். கீழ்வீட்டு மீன்காரர் இடுக்கியோடு வந்து இழுத்தார். கரண்டி அசையவில்லை, நெரேயோவுக்கு அடி மட்டும் கிடைத்தது. "இன்னிக்கும் அங்கயேதான் இருக்கு" என்று முடிப்பான், ஏதோ கோபுரம் கட்டியவன்போல.

எட்டு மாதம் இதைக் கேட்ட டோய்னா ஒருநாள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"உன் ஊரு ரயில்ல பத்து நிமிஷம். எட்டு மாசமா வாயாலயே கூட்டிட்டுப் போற."

"நாளைக்கே போலாம்."

"அந்த நாளைக்கு ஒரு தேதி சொல்லு. எங்க அக்கா ஊர்ல தையல் கடை வெச்சிருக்கா, வா வான்னு கூப்பிடறா. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி வண்டில எனக்கு இடம் போட்டாச்சு. என் மொதப் புருஷனும் உன்ன மாதிரிதான், பேச்சாளன். தோட்டம் இருக்குன்னான். போய்ப் பாத்தா ஒரே ஒரு பிளம் மரம். அதுவும் பக்கத்து வீட்டுது." பையைத் தோளில் மாட்டினாள். "கரண்டியக் காட்டு. அப்பறம் நான் போறதா இருக்கறதான்னு யோசிக்கறேன்."

இந்த இடத்தில் வியப்பு வாரியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நெரேயோ கடைசியாக ஊருக்குள் போனது பதினாலு வருஷத்துக்கு முன்னால், அம்மாவின் சவ அடக்கத்துக்கு. அதற்கு இரண்டு வருஷம் கழித்து வாரியம் பிறந்தது. ஊருக்குள் குடியில்லாத எவரும் இனி வெறுமனே வந்துவிட முடியாது. எதைப் பார்ப்பது, எந்த வழியில் போவது, எங்கே எத்தனை நிமிஷம் வியப்பது என்று திட்டம் எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். அலுவலகம் மெஸ்த்ரேயில், முன்பு மெத்தைக்கடையாக இருந்த கூடத்தில். மெத்தைகளை வாரியம் அப்புறப்படுத்தவில்லை. வரிசையில் எண்ணைக் கிழித்துக்கொண்டவர்கள் அவற்றின் மேல் படுத்திருந்தார்கள். நெரேயோவும் இரவு வேலை முடிந்து நேராக வந்து படுத்தான். அன்று அவன் எண்ணைக் கூப்பிட்டபோது தூங்கிக்கொண்டிருந்தான். மறுநாளும்.

மூன்றாம் நாள் நான்காம் சன்னலில் ஒர்நெல்லா என்ற அம்மாள் அவன் படிவத்தை வாங்கினாள்.

"நோக்கம்?"

"ஒரு கரண்டியப் பாக்கணும்."

ஒர்நெல்லா தலை நிமிரவில்லை. பட்டியலில் விரலை ஓட்டினாள். "கரண்டி இல்லையே. அங்கீகாரம் பெத்த வியப்பு மொத்தம் அறுபத்திநாலு. கடைசியாச் சேத்தது ஒரு கிணறு."

"தண்ணி இருக்கா?"

"கிணறு இருக்கு."

அடுத்து வழி. நெரேயோ இப்படி எழுதியிருந்தான்: நிலையத்திலிருந்து நேராக. பாலம் ஏறி நேராக. ரொட்டிக்கடை இருந்த இடத்தில் திரும்பி நேராக. மீன்காரர் கடை போட்டிருந்த இடத்தைத் தாண்டி இரண்டு பாலம். பிறகு நேராக.

"இதுல சொன்ன கடை எதாவது இப்ப இருக்குதா?"

"கடை இருக்கா தெரியாது மேடம். இருந்த இடம் இருக்கும்ல."

"நேரான்னு நாலு தடவ போட்டிருக்கீங்க. அந்த ஊர்லயே நேரான தெரு கெடையாது. நாங்க அளந்து வெச்சிருக்கோம்."

"நாங்க அப்பிடித்தான் சொல்லுவோம்."

"பொறந்த வீட்டு முகவரியாச்சும் தெரியுமா?"

அவனுக்குத் தெரியாது. அந்த ஊரில் வீட்டு எண்கள் தெருவுக்குத் தெரு அல்ல, பேட்டைக்கே ஒட்டுமொத்தமாக ஒன்றிலிருந்து ஆயிரக்கணக்கில் ஓடும். தபால்காரரைத் தவிர யாரும் அதை மனதில் வைத்துக்கொள்வதில்லை. ஒர்நெல்லா பதிவுக் கோப்பு ஒன்றை இழுத்துத் திறந்து பார்த்தாள், மூடினாள்.

"இங்க இருக்கு. பிறப்புப் பதிவுல."

"சொல்லுங்க."

"சொல்லக்கூடாது. ஒரு தனிநபரோட விவரம். அந்த நபர் சம்மதிக்கணும்."

"அந்த நபர் நான்தான்."

"அப்ப சம்மதக் கடிதம் குடுங்க. ஆனா அத கோப்புல இருக்கற முகவரிலேர்ந்துதான் அனுப்பணும்."

கரண்டிக்கு மட்டும் ஒரு வழி இருந்தது. புதிய வியப்பு முன்மொழிவு என்று தனிப் படிவம். கரண்டியின் வரலாறு என்ற கட்டத்தில், "நான் செருகினேன்" என்று எழுதினான். ஒவ்வொரு படிவத்துக்கும் அரசு முத்திரை வில்லை ஒட்ட வேண்டும்; அங்கே அதை விற்பது சிகரெட் கடையில். படிவம் பெற்றுக்கொண்டதற்கான ரசீதுக்கும் ஒன்று ஒட்ட வேண்டும்.

கடைசியில் ஒரு சிக்கல். ஒரு திட்டத்துக்கு ஒரு வருகையாளர்தான். டோய்னாவுக்குத் தனித் திட்டம் போட ஐந்து வாரம் ஆகும்.

"உடன் கொண்டுவரும் பொருள்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதுல போட்டுருங்க. எல்லாரும் மாமியார அதுலதான் போடறாங்க. எடை?"

"அத நான் அவகிட்ட கேக்க முடியாது."

"தோராயமா."

அறுபத்திரண்டு என்று எழுதினான். அன்று மாலை நகலைப் படித்த டோய்னா, பொருள் என்று எழுதியதற்கு ஒன்றும் சொல்லவில்லை. "அறுபத்திரண்டா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் காப்பிக்கடைக்கு வரவில்லை.

ஒப்புதலுக்கு முன்னால் ஒத்திகை உண்டு. அலுவலகத்துக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடத்தில் சுண்ணாம்பால் தெருக்கள் கிழித்து, நீலச் சாயத்தால் கால்வாய்கள் பூசி, பீர்ப்பெட்டிகளை அடுக்கிப் பாலங்கள் செய்திருந்தார்கள். வாரியத் தலைவர் டாக்டர் பியோவெசானே வந்து வரவேற்றார். அவர் வைத்தியர் அல்ல. கல்லூரியை முடித்தவர் எல்லாரும் அங்கே டாக்டர்தான். முடிக்காத ஒருவன் முப்பது பேருக்கு நடுவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

"நண்பர்களே," என்றார் தலைவர், "வருகைங்கறது ஒரு நகரத்துக்கு எவ்ளோ பெரிய அதிர்ச்சின்னு யாரும் யோசிக்கறதில்ல. அதனால வருகைய மொதல்ல இங்கயே நடத்திடறோம். ஒத்திகை முடிச்சவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேரு, இதுவே போதும்னு வீட்டுக்குப் போயிடறாங்க. இத எங்க தோல்வின்னு சில பேரு எழுதறாங்க. எங்க லட்சியமே அதுதான்! அந்தக் காலத்துல கூட்டம் சதுக்கத்துல இருந்துச்சு. இப்ப எங்க மெத்தைங்க மேல இருக்கு. போன மாசம் ஒரு குடும்பம் நம்ம வரிசையப் பாக்கறதுக்குன்னே தூரத்துலேர்ந்து வந்திருந்தாங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு."

"நீங்க ஊருக்குள்ள போவீங்களா டாக்டர்?" என்று நெரேயோ கேட்டான். கேட்டிருக்க வேண்டாம்.

"நானா? பன்னெண்டு வருஷமா என் திட்டம் பரிசீலனைல இருக்கு. ரெண்டு தடவ நானே நிராகரிச்சேன். விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே."

ஒத்திகை தொடங்கியது. வட்டம் போட்ட இடத்தில் நின்று வியக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் நேரம் குறிப்பார். பதினோரு மணி நேரம் கண்விழித்த நெரேயோ முதல் வட்டத்தில் வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட்டான். ஆழ்ந்த வியப்பு என்று குறித்துக்கொண்டார்கள். இரண்டாவது வட்டத்தில் கண்ணில் தண்ணீரும் வந்தது. அன்றைய முப்பது பேரில் அவனுக்கே முதலிடம்.

நடப்பதில்தான் சறுக்கினான். "ஐயா, கால்வாய்ல நிக்கறீங்க" என்று இரண்டு தடவை குரல் கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை திட்டம் கைக்கு வந்தது. ஞாயிறு, பகல் ஒரு மணி முதல் நாலு மணிவரை. மூன்றாம் வியப்பிலிருந்து ஏழாம் வியப்புவரை. கரண்டியின் முன்மொழிவு இன்னும் பரிசீலனையில். நடுவில் ஒரு வரி: வழி தவறுவதற்கு ஒதுக்கீடு, பதினோரு நிமிடம்.

நெரேயோவுக்குச் சுருக்கென்றது. "என்ன மேடம் இது?"

"எல்லாருக்கும் உண்டு. சந்துல தொலஞ்சு போனாத்தான் வந்த மாதிரி இருக்குங்கறாங்க."

"வெனிஸ்காரன் சொந்த ஊர்ல தொலைவானா? எனக்கு ஒரு நிமிஷம்கூட வேணாம்." பதினொன்றை அடித்து, பூஜ்யம் போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டான்.

ஒர்நெல்லா முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நல்லா யோசிச்சுக்கங்க" என்றாள். அந்த அலுவலகத்தில் அவனுக்குக் கிடைத்த ஒரே நல்ல புத்தி அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை டோய்னா நீலக் கோட்டு போட்டு வந்தாள். பெட்டியை மெஸ்த்ரே நிலையத்துக்கு எதிரே அந்தக் காப்பிக்கடையிலேயே விட்டிருந்தாள். ரயில் பாலத்தைக் கடந்தது. மூன்றாம் வியப்பில் நான்கு நிமிஷம் நின்றார்கள். பிறகு நெரேயோ வாரியத்தின் வரைபடத்தை நான்காக மடித்துப் பைக்குள் போட்டான்.

"வா. இனிமே என் காலு பாத்துக்கும்."

கால் பார்த்துக்கொண்டது. ரொட்டிக்கடை இருந்த இடத்தில் முகமூடிக்கடை இருந்தது. அதில் திரும்பலாம்தான். ஆனால் எதிரிலும் முகமூடிக்கடை. இடது பக்கமும் முகமூடிக்கடை. எது ரொட்டிக்கடையாக இருந்த முகமூடிக்கடை என்று முகமூடிகளைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திரும்பினான். சந்து வளைந்து வளைந்து போய், நாலு படியாக இறங்கி, பச்சைத் தண்ணீரில் முடிந்தது.

"இந்தப் பக்கம் அழகா இருக்கும்னு கூட்டிட்டு வந்தேன்" என்றான் நெரேயோ.

டோய்னா தண்ணீரைப் பார்த்தாள். ஒரு பிளாஸ்டிக் பாட்டில் மிதந்தது. "அழகுதான்" என்றாள்.

மூன்றாவது தடவை தண்ணீரில் வந்து முட்டியபோது மணி மூன்று. ஒரு குழாய்க்காரர் கழிப்பறைப் பீங்கானைக் கைவண்டியில் வைத்துப் பாலத்துப் படியில் இறக்கிக்கொண்டிருந்தார். டோய்னா அவரை நோக்கி நடக்க, நெரேயோ அவள் கையைப் பிடித்தான்.

"கேக்காத. மானம் போயிரும்."

"யாரோட மானம்?"

அவள் கேட்டுவிட்டாள். ரொட்டிக்கடை, மீன்காரர், இரண்டு பாலம் எல்லாம் சொன்னாள். குழாய்க்காரர் பீங்கானின்மேல் சாய்ந்து நின்று பொறுமையாகக் கேட்டார்.

"அதுவா? நேராப் போம்மா. பாலம் ஏறி நேரா."

அவர் கைகாட்டிய திசையில் ஒரு சுவர்தான் இருந்தது. டோய்னா திரும்பி நெரேயோவைப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்தான்.

அப்போதுதான் சுற்றுலா வழிகாட்டி ஒருத்தி தூக்கிப் பிடித்த மஞ்சள் குடை கடந்து போனது. குடைக்குப் பின்னால் நாற்பது பேர். போக வேறு இடம் இல்லாததால் இவர்களும் பின்னால் போனார்கள். இரண்டு பாலம் தாண்டி, ஒரு முடுக்கில் குடை நின்றது. சுவரைச் சுற்றிச் சிவப்புக் கயிறு, புதுப் பலகை. வியப்பு எண் அறுபத்தைந்து. முழங்கால் உயரத்தில், செங்கல் இடுக்கிலிருந்து, கறுத்துப்போன ஒரு கரண்டிக் காம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தியா!" என்றான் நெரேயோ. குரல் உடைந்தது. "நேரா வந்தா வந்துரும்னு சொன்னேன்ல!"

ஆரஞ்சு அங்கி போட்ட காவலர் ஒருவர் கையை நீட்டினார். திட்டத்தை வாங்கிப் பார்த்தார்.

"உங்களுது வியாழக்கிழமைத் திட்டம். இந்த வியப்பு வெள்ளிக்கிழமதான் சேந்துச்சு. உங்களுக்கு ஒப்புதல் இல்ல. திரும்பி நில்லுங்க."

"இது என் வீடு சார். என் கரண்டி."

"ஒப்புதல் இல்லாம வியக்கக் கூடாது. முதுகக் காட்டி நில்லுங்க."

நெரேயோ முதுகைக் காட்டி நின்றான். டோய்னாவும் முதுகைக் காட்டத் திரும்பினாள்.

"நீங்க வேணாம்மா," என்றார் காவலர், படிவத்தைப் படித்துவிட்டு. "நீங்க பொருள். பொருளுக்குக் கட்டுப்பாடு இல்ல."

குடைக்காரி விளக்கத் தொடங்கினாள்: "கொள்ளைநோய்க் காலத்துல பசி வீட்டுக்குள்ள நுழையக் கூடாதுன்னு ஒரு கொத்தனார் இந்தக் கரண்டிய வெச்சாருன்னு வாரியத்தோட அறிஞர்கள் கண்டுபிடிச்சிருக்காங்க..."

"பொய்யி!" என்று எதிர்ச் சுவரைப் பார்த்துக் கத்தினான் நெரேயோ. "நான்தான் வெச்சேன்! அதுக்கு அடி வாங்கினவன் நான்!"

"ஐயா, பாரம்பரியத்த அவமதிக்காதீங்க" என்றார் காவலர்.

நாற்பது பேரும் அவனைப் பார்த்தார்கள். சிலர் போட்டோ எடுத்தார்கள். டோய்னா மட்டும் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் வாரியம், அறிஞர்கள், பலகை. இன்னொரு பக்கம் சுவரைப் பார்த்து நிற்கும் ஒரு முதுகு.

"டோய்னா," என்றது முதுகு, இப்போது மெதுவாக. "காம்போட நுனில ஒரு நம்பர் இருக்கும். பதினாலு. கப்பல் சமையல்கட்டு கரண்டி அது. திருட்டுப் போகாம இருக்க நம்பர் போட்டு வெச்சிருந்தாங்க. எங்கப்பா திருடினாரு. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

டோய்னா கயிற்றைத் தாண்டிக் குனிந்தாள். பொருளை யாரும் தடுக்கவில்லை. கைக்குட்டையில் எச்சில் தொட்டுக் காம்பைத் தேய்த்தாள்.

"பதினாலு" என்றாள்.

"ஆயிரத்து அறுநூத்திப் பதினாலாம் வருஷம்!" என்றாள் குடைக்காரி. எல்லாரும் "ஆ" என்றார்கள்.

முடுக்கை விட்டு வெளியே வந்தபோது மணி நாலேகால். கொஞ்ச தூரம் நடந்தார்கள். டோய்னாதான் பேச்சைத் தொடங்கினாள்.

"சரி, நீ பொய்க்காரன் இல்ல. அது தெரிஞ்சுது, சந்தோஷம். வா, ஆறு மணிக்கு வண்டி."

நெரேயோ நின்றுவிட்டான். "கரண்டிதான் இருந்துச்சே. யோசிக்கறேன்னியே."

"யோசிச்சேன். எட்டு மாசம் பேசினியே, எங்கிட்ட 'இரு'ன்னு ஒரு வார்த்த சொல்லலையே. இப்பவும் கரண்டி இருந்துச்சேங்கறியே தவிர."

பாலத்தைப் பற்றியும் படகைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசும் நெரேயோவுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. தொண்டைவரை வந்தது, அங்கேயே மாட்டிக்கொண்டது, இடுக்கி போட்டு இழுக்க யாரும் இல்லை. "வா, ஸ்டேஷனுக்கு நேர் வழி எனக்குத் தெரியும்" என்றான்.

அவன் அதை மனதாரத்தான் சொன்னான். இது முக்கியம். அவளை நேரத்துக்கு வண்டி ஏற்றிவிட வேண்டும் என்றுதான் நடந்தான். வேக வேகமாக. முகமூடிக்கடையில் திரும்பினான். தண்ணீர். வேறு முகமூடிக்கடையில் திரும்பினான். குழாய்க்காரர், பீங்கான் இல்லாமல் திரும்பி வந்துகொண்டிருந்தார், தலையசைத்தார். வரைபடத்தைத் தேடிப் பைக்குள் கைவிட்டான். எங்கேயோ விழுந்திருந்தது. தண்ணீர். மூன்று பாலம் ஏறி இறங்கி, மறுபடியும் அதே படிக்கட்டு, அதே பிளாஸ்டிக் பாட்டில். ஊரெல்லாம் மணி அடிக்கத் தொடங்கியது. ஆறு.

வியர்வை ஒழுக அவன் திரும்பினான். டோய்னா படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்றரை மணி நேரம்! இங்க பொறந்தவன், கண்ணக் கட்டிவிட்டாலும் நடப்பேன்னவன், ஒன்றரை மணி நேரம் என்னைச் சுத்தவிட்டிருக்க. வண்டி போவட்டும்னு. மடையா, வாயால கேட்டிருக்கலாம்ல?"

நெரேயோ வாயைத் திறந்தான். நாற்பத்தாறு வருஷத்தில் முதல்முறையாக, ஒன்றும் பேசாமல் மூடிக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்து வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. வருகை நேரத்தை மீறி இரண்டரை மணி நேரம் ஊருக்குள் இருந்திருக்கிறீர்கள்; வழி தவறுவதற்கான ஒதுக்கீடு உங்கள் கையெழுத்தின்படி பூஜ்யம்; காரணம் கூறவும். இரண்டு கட்டங்கள் இருந்தன. வழி தெரியாமல்: அபராதம் இல்லை, வாரியத்தின் அனுதாபங்களுடன் இலவச ஒத்திகை ஒன்று. வேண்டுமென்றே: அபராதம், இரண்டு வருஷத்துக்கு ஊருக்குள் நுழையத் தடை.

பேனாவை வைத்துக்கொண்டு அவன் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். மேசைக்கு எதிர்ப் பக்கம் டோய்னா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? உண்மையப் போடு."

அவன் இரண்டாவது கட்டத்தில் குறி போட்டான். பிறகு எழுந்து, முத்திரை வில்லை வாங்கச் சிகரெட் கடைக்குப் போனான்.

தடை வருகையாளருக்குத்தான், பொருளுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டோய்னா மட்டும் போய்விட்டு வருகிறாள். சந்துக்குச் சந்து பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டு, சந்தேகம் வந்த இடத்தில் நாலு பேரைக் கேட்டுக்கொண்டு. இதுவரை ஒருமுறைகூட வழி தவறவில்லை. திரும்பி வந்து கோட்டைக் கழற்றும்போது அவனிடம் ஊர்ச் செய்தி சொல்கிறாள்.

"கரண்டி நல்லாருக்கு."